நான்கு விரல் நிலம்

"சுருக்கமாகப் பேசுங்கள்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தாம் அரைமணி நேரம் பேசி அமர்ந்திருக்கும் அன்புத் தலைவர் அவர்களே! முதல் வரிசையை முறுவலால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையை அடிமனத்தில் அடக்கிக்கொண்டு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து, இவன் எப்போது முடிப்பான் என்று ஏங்கி நிற்கும் இளைஞர்களே! உங்கள் எல்லாருக்கும் இந்த எளியவனின் அடக்கமான வணக்கம்.

அடக்கம் என்றதும் அங்கே சிரித்தது யார்? என் மனைவியா? சிரிக்கட்டும், வீட்டில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

நம் தெருச் சங்கம் எனக்குத் தந்த தலைப்பு, 'அயலாரும் அன்பும்'. அன்பைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. அயலாரைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் ஏது? என் வீடு எதிர்வீடு, அதிலும் மாடிவீடு! வேலி பயிரை மேயும் என்பார்கள். எங்கள் எதிரே ஒரு வேலி இரண்டு குடும்பங்களையே மேயப் பார்த்ததே, அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு பக்கம் தையல்காரர். மறுபக்கம் பேக்கரிக்காரர். இருவரும் இதோ இந்த அவையிலேயே இருக்கிறார்கள், அனுமதி வாங்கிவிட்டேன். தையல்காரர் அண்ணே, அதற்குள் எழுந்தால் எப்படி? இன்னும் கத்திரியையே எடுக்கவில்லையே!

இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி. அதன் அருமை யாருக்குத் தெரியும்? தையல்காரரின் மனைவிக்குத் தெரியும். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் அவர். "தினமும் நடக்கணும், விட்டா மூட்டு இறுகிடும்" என்றார் மருத்துவர். கைத்தடியைக் கொடுத்தால், "கிழவியாக்கப் பாக்குறீங்களா?" என்று வீசிவிட்டார். ஆனால் வேலியைப் பிடித்தால் நடந்தார்! இந்தப் பக்கம் இவர் நடக்க, அந்தப் பக்கம் பேக்கரிக்காரரின் மனைவி பேசிக்கொண்டே கூட நடக்க, வலி எது, வழி எது என்று தெரியாமல் காலைப்பொழுது கழிந்தது.

அந்த வேலிக்குத்தான் வந்தது வினை.

பூச்செடி வைக்கலாம் என்று தையல்காரர் ஒருநாள் தோட்டத்தை அளந்தார். கழுத்தில் எப்போதும் கிடக்குமே, அந்த டேப்பால்தான் அளந்தார். பத்திரத்தைவிட நான்கு விரல் குறைந்தது. நான்கு விரல்! நாய்க்குட்டி படுக்குமா? நாற்காலி நிற்குமா? ஆனாலும் மண் அல்லவா, மானம் அல்லவா!

"என் மண்ணை நாலு விரல் முழுங்கிட்டியே, உனக்குச் செரிக்குமாடா?"

"அண்ணே, நான் மாவைத்தான் பிசையறேன், மண்ணை இல்ல. வேலி போட்ட அன்னிக்கு அளந்தது யாரு? அளவுன்னா நீங்கதான்னு டேப்பை உங்ககிட்டயே விட்டேனே!"

"அதுக்கப்புறம் நகர்த்தியிருப்பே."

"வேலியை நகர்த்துறதுக்கு அது என்ன பன் தட்டா?"

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நான் மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டேன். வாய் வளர்ந்தது, வம்பு வளர்ந்தது. முடிவில் வேலியே வேண்டாம், ஆளுயரச் சுவர் எழுப்புவோம் என்பதில் மட்டும் இருவருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை! வேலியைப் பிடுங்கிக் குவித்தார்கள். செங்கல் வந்து இறங்கியது. மறுநாள் காலையில் சர்வேயரும் வந்தார்.

சங்கிலி போட்டு அளந்தார். பழைய கம்பக் குழிகளைப் பார்த்தார். "வேலி உங்க நிலத்துக்குள்ளதான் இருந்திருக்கு. நாலு விரல் அவர் பக்கம் போயிருக்கு" என்றார். தையல்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!"

அப்போது வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெல்லக் கேட்டார்: "ஏங்க, துணியோட ஓரத்துலயே தையல் போடுவீங்களா?"

"எவனாவது போடுவானா? பிரிஞ்சு போயிடாதா? உள்ள தள்ளித்தான்..." என்றவர் நின்றார்.

"எவ்வளவு தள்ளி?"

அன்பர்களே, விஷயம் பிடிபட்டதா? நிலத்தின் ஓரத்தைத் துணியின் ஓரமாக எண்ணி, வேலியைத் தையலாக எண்ணி, பழகிய கை பத்திரமாக நான்கு விரல் உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறது! தன் முதுகு தனக்குத் தெரியுமா?

இதோடு சமாதானம் ஆகியிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. "தப்பு என்னுதுன்னே வெச்சுக்க. மண்ணும் என்னுதுதானே?" என்றார் இவர். "என்னைத் திருடன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தையை எந்தக் கணக்குல சேக்குறது? கட்டுங்க சுவரை, உங்க மூஞ்சியே பாக்க வேணாம்" என்றார் அவர். மாடியில் இருந்த எனக்கே அன்று வேடிக்கை கசந்தது.

இந்தச் சண்டைக்கு நடுவே நடக்கும் நேரம் வந்துவிட்டது. அந்த அம்மா எழுந்தார். வழக்கம்போல் இரண்டடி வைத்து, வழக்கம்போல் கையை நீட்டினார். கைக்கு எதுவும் அகப்படவில்லை. அந்தரத்தில் கை துழாவ, உடல் ஒரு பக்கம் சாய...

ஓடியது யார் தெரியுமா? கட்டிய கணவர் கால் எடுக்கும் முன், மண்திருடன் என்று பெயர் வாங்கிய அந்த மனிதர், நான்கு விரலையும் தாண்டி, எல்லையையும் தாண்டிப் பாய்ந்து வந்து தன் முழங்கையை நீட்டினார். "பிடிச்சுக்கங்க அண்ணி." மறுபக்கம் தையல்காரர் வந்து நின்றார். "தம்பி" என்று மட்டும் சொல்லித் தாமும் கையை நீட்டினார்.

இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "சுவரு கட்டுறதா இருந்தா கட்டிக்கங்க. ஆனா தினமும் காலையில ரெண்டு பேரும் வந்து இப்படி நிக்கணும். எனக்குப் பிடிச்சுக்க ஏதாச்சும் வேணும்ல?"

சுவர் எழுந்ததா? எழவில்லை! செங்கல் திரும்பிப் போனது. வேலியும் மறுபடி வரவில்லை; காலைதோறும் அந்த இருவர் கைகளே வேலியாக நின்றன.

தோழர்களே! எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளந்து வையுங்கள், அழகாக வையுங்கள். ஆனால் நாம் எழுப்பும் ஒவ்வொரு சுவரின் அடியிலும் யாரோ ஒருவரின் நடைபாதை புதைகிறது என்பதை மறவாதீர்கள்! நிலத்தை அளக்க நாடா உண்டு. அயலான் நெஞ்சை அளக்க, நாம் விழும் நேரம்தான் உண்டு!

அதோ, கடைசி வரிசையில் அந்த அம்மாவே எழுந்து நின்று கை தட்டுகிறார். பாருங்கள், இரண்டு கையாலும் தட்டுகிறார், எதையும் பிடிக்காமல்! இதற்கு மேல் நான் பேசினால் அது என் ஆசை; நிறுத்தினால் அது உங்கள் அதிர்ஷ்டம். பொறுத்த செவிகளுக்கு நன்றி. பக்கத்து வீட்டு விளக்கும் அணையாமல் எல்லாரும் வாழ்க! வணக்கம்.