இரண்டாவது கோடு

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் மூன்றும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளபடி சரியானவை. வயது நாற்பத்தொன்பது. தொழில் கண்ணாடி பொருத்துவது. கடை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், டயர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருக்கிறது. காணாமல் போனவர் என் தங்கையின் கணவர், கடையில் என் கூட்டாளி. நான் அவரை மாப்பிள்ளை என்றும் அவர் என்னை மச்சான் என்றும் அழைப்பது வழக்கம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு இதைச் சொல்கிறேன். சுயநினைவோடு என்பதை அதிகாரி கேட்பதற்கு முன்னால் நானே எழுதச் சொன்னேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

முதலில் எங்கள் கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாகப் பொருத்திய கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது, யாராவது போய் மோதி மூக்கை உடைத்துக்கொள்வார்கள் என்பதால் அதன்மேல் சுண்ணாம்புக் கரைசலால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வருவோம். எல்லாக் கண்ணாடிக்காரர்களும் செய்வதுதான். எங்கள் கடையில் மட்டும் அந்தக் குறியை ஒரே ஆள் போடுவதில்லை. வேலையைச் செய்தவர் ஒரு கோடு போடுவார். மற்றவர் வந்து, சட்டத்தை அழுத்திப் பார்த்து, விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்டு, திருப்தியானால் இரண்டாவது கோட்டைப் போடுவார். அது விழுந்துவிட்டால் வேலை முடிந்தது, பிறகு அந்தக் கண்ணாடியை யாரும் அசைக்கக் கூடாது. மாப்பிள்ளை இடது கைக்காரர். அவர் கோடு இடது மேல் மூலையில் தடிமனாகத் தொடங்கி, வலது கீழ் மூலையில் மெலிந்து முடியும். என்னுடையது நேர் எதிர்த் திசை.

சில மாதங்களுக்கு முன்பு மாப்பிள்ளை என்னைக் கேட்காமல் ஒரு மின்சாரப் பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். அதில் ஓரிடத்திலும் வளைவு கிடையாது. தகட்டை மடித்து மடித்துச் செய்தது போல எல்லாம் கோணம், எல்லாம் மூலை. பெயின்ட் கிடையாது, எவர்சில்வர் பாத்திரம் போல வெறும் உலோகம். கதவில் பிடி கிடையாது, சாவித் துவாரம் கிடையாது, செல்போனைக் கொண்டுபோனால் தானாகத் திறக்கும். தெருவே கூடிவிட்டது. டயர் கடைக்காரர், "என்னப்பா இது, பீரோவைப் படுக்கப் போட்டு சக்கரம் மாட்டிட்டாங்களா?" என்று கேட்டார். தையல் கடை அம்மா, "ஸ்கேலை வெச்சு வரைஞ்சவன் ஓரத்தை வளைக்கறதுக்குள்ள தூங்கிட்டான் போல" என்றார். மாப்பிள்ளை எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். "சிரிங்க, சிரிங்க. அடுத்த வருஷம் நீங்களே வந்து எங்க வாங்கினேன்னு கேப்பீங்க" என்றார்.

அதன் பிறகு அவர் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வண்டியின் பக்கவாட்டில் தன் கோட்டைப் போட்டு, தூரிகையை என்னிடம் நீட்டினார். "உங்க கோட்டைப் போடுங்க மச்சான்" என்றார். நான், "கண்ணாடிக்குத்தான் கோடு. இந்த டப்பாவுக்கு நான் போட மாட்டேன்" என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்றால் எனக்கு உயிர், ஆனால் அந்த வண்டியைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று முதல் கடையில் இதே பேச்சுதான். கண்ணாடி நின்றபடிதான் பயணம் போக வேண்டும், படுக்கவைத்தால் தன் பாரம் தாங்காமல் உடையும், இதில் பக்கச் சுவர்கள் சரிவாக இருப்பதால் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தும் சட்டம் உட்காராது, பக்கத்திலிருந்து கைவிட்டு எதையும் எடுக்க முடியாது என்பது என் கட்சி. பெட்ரோல் செலவு இல்லை, வேலை நடக்கும் இடத்தில் கரண்ட் இல்லாவிட்டாலும் கண்ணாடி ஓரம் தேய்க்கும் மெஷினை வண்டியிலேயே செருகிக்கொள்ளலாம், பின்பக்கத்தை மூடி போட்டுப் பூட்டலாம் என்பது அவர் கட்சி. "பார்க்கவே கண்றாவியா இருக்கே" என்று நான் சொன்னால், "பொண்ணு பார்க்கவா போறோம்? சரக்கு ஏத்தத்தானே?" என்பார். டயர் கடைக்காரர் ஒரு நாள் என் பக்கம் பேசுவார், மறுநாள் அவர் பக்கம் பேசுவார், சண்டை தீர்ந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

மாப்பிள்ளை தடித்த பஞ்சு மெத்தையை விரித்து, கண்ணாடிகளைப் படுக்கவைத்து, மூடியைப் போட்டுக்கொண்டு போய்வந்தார். ஒன்றுகூட உடையவில்லை. பழைய வண்டியில் எவ்வளவு பார்த்துப் போனாலும் அவ்வப்போது ஒன்று கீறல் விடும், ஓரம் சில்லு பெயரும். இதில் எதுவுமே ஆகவில்லை. கண்ணாடி வியாபாரி இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். நான் ஒவ்வொரு கண்ணாடியிலும் கீறலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வேறு சிலவும் கவனித்தேன். டயர் கடை நாய் வெயில் நேரத்தில் எந்த வண்டி நின்றாலும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த வண்டியின் நிழலை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகும். இரண்டாவது, மாப்பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்காருவதை விட்டுவிட்டு அந்த வண்டிக்குள் போய் உட்கார ஆரம்பித்தார். பக்கக் கண்ணாடிகள் கறுப்பு என்பதால் அவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "சும்மாதான் மச்சான். ஒரு சத்தமும் இல்ல. அவ்வளவு நல்லா இருக்கு" என்றார். மூன்றாவது, என் தங்கை ஒரு நாள் கடைக்கு வந்தபோது அந்த வண்டியின் தகட்டில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சட்டென்று விலகி வந்து, "அண்ணா, நான் திரும்பின பிறகுதான் அது திரும்புது" என்றாள். பைத்தியம் மாதிரி உளறாதே என்று அவளைத் திட்டினேன். தகடு சமமாக இல்லாததால் பிம்பம் வளைந்து தெரிவது வேறு, பிந்தித் திரும்புவது வேறு என்பது கண்ணாடி விற்கும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் திட்டினேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, புதிதாகக் கட்டும் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு முகப்புக் கண்ணாடி கொண்டுபோக வேண்டியிருந்தது. பழைய வண்டியில் போவோம் என்றேன். "ஒரே ஒரு தடவை என்கூட இதுல வாங்க. வந்து பார்த்துட்டு அப்புறம் குறை சொல்லுங்க" என்றார். வார்த்தை தடித்தது. தெருவில் எல்லோரும் பார்க்க, "அவ்வளவு பிடிச்சிருந்தா அந்த டப்பாவுக்குள்ளேயே குடியிருங்க!" என்று கத்தினேன். இதை டயர் கடைக்காரர் ஏற்கனவே அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மை.

இருந்தாலும் அந்தக் கண்ணாடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் நானும் அந்த வண்டியிலேயே ஏறினேன். வழியில் எஞ்சின் சத்தம் இல்லாததால் நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது. கட்டடத்தின் வாசலில் இருந்த காவல்கார அம்மா கேட்டைத் திறந்துவிட்டார். அந்த வளாகத்துக்கு அது ஒன்றுதான் வழி, மற்ற மூன்று பக்கமும் உயரமான தகர வேலி. அதன் பிறகு நான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சுண்ணாம்பு டப்பா அந்தப் பையில்தான் இருந்தது, அன்று முழுவதும் பை என் தோளை விட்டு இறங்கவில்லை. "நீங்க சட்டத்தைத் துடைங்க மச்சான், நான் பின்னாடி மூடியைத் திறக்கிறேன்" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

சட்டத்தைத் துடைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மூடி திறக்கப்படவில்லை, வண்டியின் கதவுகளும் மூடியிருந்தன. கோபித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் முன்னால் நின்று, சரி, நான் பேசியது தப்புதான், அதற்காக வண்டி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது, பக்கச் சுவர் சரிவுக்கு என்ன பதில் சொல்கிறீர்கள் என்று ஆரம்பித்து வெகுநேரம் வாதாடினேன். சாரத்தின் மேல் நின்ற பெயின்டர், "அண்ணே, வண்டிகிட்டயா சண்டை போடறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சமாதானமாகிவிடலாம் என்று கண்ணாடியில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது. நாங்கள் வேலை பார்த்துச் சத்தம் கேட்கும் அதே தட்டு. கண்ணாடி சட்டத்தில் நன்றாக இறுகிப் பிடித்திருந்தால் எப்படி அழுத்தமாகக் கேட்குமோ அப்படிக் கேட்டது. பெயின்டருக்கும் கேட்டிருக்கிறது.

அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. அவருக்கு இருக்கும் ரோஷம் எனக்கும் உண்டு என்று வளாகத்துக்குள்ளேயே எதிர்ப்பக்கம் போய், வேலையாட்களுக்கு வந்த டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உடனே ஏன் புகார் கொடுக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். ஆள் கண்ணெதிரே வண்டிக்குள் இருக்கிறார் என்று நினைப்பவன் எதற்குப் புகார் கொடுப்பான்? பிறகு என் தங்கை எனக்குப் போன் செய்து, அவர் எடுக்கவில்லை, ஏதாவது சண்டையா என்று கேட்டாள். இன்னொரு முறை அடித்துப் பார் என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அடித்தபோது மணி வண்டிக்குள் கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் வண்டி விற்ற இடத்துக்குப் போன் செய்தேன்.

அங்கிருந்து மெக்கானிக் வந்து, முன்பக்கத்தில் வயர் கொடுத்துக் கதவைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. இருக்கையில் அவருடைய செல்போன் இருந்தது. கீழே அவருடைய செருப்புகள், வீட்டு வாசலில் கழற்றி வைப்பது போல ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. இருக்கையைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பின்பக்க மூடியைத் திறந்தபோது கண்ணாடி மட்டும் முழுசாக இருந்தது. காவல்கார அம்மா, நடந்து யாரும் கேட்டைத் தாண்டவில்லை என்றார். மேலே நின்ற பெயின்டர், உங்களைத் தவிர அந்த வண்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை என்றார். அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதேன்.

வண்டியின் முன் கண்ணாடியில் உள்ள வெள்ளைக் கோட்டைப் பற்றி அதிகாரி கேட்டார். கதவைத் திறந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். வெளியே நின்று பார்த்தபோது அது என் கோட்டின் திசையில் இருந்தது, நான் போடவே இல்லையே என்று திடுக்கிட்டேன். அதன் பிறகு கதவு வழியாகத் தலையை நீட்டி ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தேன். இடது மேல் மூலையில் தடிமனாகத் தொடங்கி வலது கீழ் மூலையில் மெலிந்திருந்தது. உள்பக்கம் போடப்பட்டது, இடது கையால் போடப்பட்டது, ஈரமாக இருந்தது. இதே மாதிரி ஆயிரம் கோட்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டியை இந்த நிலைய முற்றத்துக்கு இழுத்து வந்த பிறகு காவலர் ஒருவர் அந்தக் கோட்டைத் துணியால் துடைத்து, வண்டியைப் பூட்டி, மாப்பிள்ளையின் செல்போனை அலமாரியில் வைத்தார். இன்று காலை நான் உள்ளே வரும்போது பார்த்தேன். கோடு அங்கேயே இருக்கிறது. இன்னும் காயவில்லை.

மாப்பிள்ளையை நான் ஏதாவது செய்தேனா என்று கேட்கப்பட்டது. இல்லை. வாயால் சொன்னது ஒன்றுதான், அதை மேலே சொல்லிவிட்டேன்.

என் தங்கை வெளியே பெஞ்சில் அந்தச் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது நேற்று. "அவர் என்ன கேட்டாரு உங்ககிட்ட? ஒரு கோடு. அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. போய் உட்கார்ந்து போட்டுடுங்கண்ணா, வந்துடுவாரு" என்றாள். அந்த வண்டிக்குள் போய் உட்கார எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தால் மறுக்கவில்லை. வாங்கிய அன்றே போட்டிருந்தால் அது ஒரு விளையாட்டு. இன்றைக்கு இரண்டாவது கோடு போட்டால் பொருத்தியது சரி, வேலை முடிந்தது, இனி யாரும் அசைக்கக் கூடாது என்று அர்த்தம். ஒரு கோடு மட்டும் இருக்கும்வரை வேலை முடியவில்லை. முடியாத வேலையைக் கழற்றலாம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். வண்டியின் அந்த முன் கண்ணாடியை யாரும் சுத்தியால் உடைக்க வேண்டாம் என்றும், அதைச் சில்லு விடாமல் முழுசாகக் கழற்றி எடுக்க என்னை அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை, எல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான். இந்தத் தாளில் என் கையெழுத்தைப் போடுகிறேன். அந்தக் கண்ணாடியில் என் கோட்டைப் போட மாட்டேன்.

(ஒப்பம்)