ஸ்டெல்லாமேரி வீட்டுப் பின்சுவர்

முதலில் எல்லோரும் காபியைக் குடித்துவிடுங்கள். ஆறிப்போனால், வெரோனிகா வீட்டுக் காபி வெந்நீர் மாதிரி இருந்தது என்று அதற்கும் ஒரு புகார் வரும். ஸ்டெல்லா, நீயும் எடுத்துக்கொள். காலை அந்த முக்காலியில் நீட்டிக்கொள், இங்கே யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நம் போன்சாய் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இவள் ஸ்டெல்லாமேரி, எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுப் பின்சுவர் என் மொட்டைமாடியை ஒட்டி நின்றது. மழைக்காலத்தில் அந்தச் சுவர் விழுந்து இவளுக்குக் கால் எலும்பு முறிந்தது. அதிலிருந்து என் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறாள். இன்று எனக்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறாள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வருடக் கண்காட்சியில் என் ஆலமரத்துக்கு முதல் பரிசு கொடுத்தீர்கள். கடையில் வாங்காமல், தானே தேடி எடுத்து வளர்த்த மரங்களுக்கு உள்ள பரிசு. அந்த மரம் பெங்களூர் நர்சரியில் வாங்கியது, ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியது என்று நாம் பிரெஞ்சு மரியாதையில் மிஸ்யே என்று கூப்பிடும் புருஷோத்தமன் புகார் கொடுத்திருக்கிறார். தலைவர் ஜானகிராமன் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். என்னைத் திருடி என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வாங்கினவள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, ஸ்டெல்லாவையே கேளுங்கள். ராத்திரியெல்லாம் புலம்பி அவளையும் தூங்கவிடவில்லை.

நாம் எப்படிப்பட்ட ஜனங்கள் என்பதை நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது? தலைவர் தன் மகன் நிச்சயதார்த்தத்தில் பாதியில் எழுந்து போனார். தொட்டிப் புளியமரத்தில் கிளையை வளைக்கக் கட்டிய கம்பியை உடனே அவிழ்க்காவிட்டால் பட்டையில் பதிந்துவிடுமாம். சம்பந்தி வீட்டார் இவருக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டார்கள். மிஸ்யே புருஷோத்தமன் கோடைக்குப் பிரான்ஸ் போனால் தினமும் எனக்கு வீடியோ கால் போடுவார். நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் அவருடைய காகிதப்பூ மரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அங்கே அவர் மனைவிக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும், அதுவும் அந்தம்மா சொல்லி. நான் குறையாகச் சொல்லவில்லை. மரம் என்று வந்துவிட்டால் நமக்குக் கண் மண் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

தொட்டியில் வளர்த்த ஆலுக்கு வேர் கொழுகொழுவென்று, செல்லப்பிள்ளை மாதிரி இருக்கும். சுவரில் முளைத்த ஆல் அப்படி இல்லை. சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு பிளவுதான். அதன் வேர் நசுங்கி, தட்டையாகி, கல்லைச் சுற்றி இறுக்கும். எந்த நர்சரிக்காரனும் அதைச் செய்துகாட்ட முடியாது. நாம் யாரும் தெருவில் தரையைப் பார்த்து நடக்காததற்குக் காரணம் அதுதானே. பழைய வீட்டுக் கைப்பிடிச்சுவரையும் மழைநீர்க் குழாயையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் ஸ்கூட்டர்காரனிடம் திட்டு வாங்குகிறோம்.

நான் அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன், ஸ்டெல்லா வீட்டுச் சுவரில், என் கைக்கு எட்டும் தூரத்தில், காக்கை எச்சமிட்ட இடத்தில் இரண்டு இலை. ஆல். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அவர் உயிரோடு இருந்தால் இதை ஒப்புக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த கொத்தனார் அம்மாவாசை அதைப் பிடுங்கப் பார்த்தார். நான் அவருக்கு டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஈரத்துல புடுங்கினா காரை பேர்ந்துடும்டி. மழை விடட்டும்.”

“மரத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாததாக்கா? நீங்க சொன்னா சரி.”

மழை விட்ட பிறகு தவக்காலம் வந்தது. தவக்காலத்தில் எதற்குக் கொத்து வேலை என்றேன். ஈஸ்டருக்குப் பிறகு வெயில். வெயிலில் சுவர் சூடேறி வெடித்திருக்கும், அப்போது கை வைக்கக் கூடாது என்றேன். அடுத்த வருடம் மறுபடி மழை வந்தது. நான் சொன்னதில் எதுவும் பொய் இல்லை, கவனியுங்கள். ஈரத்தில் பிடுங்கினால் காரை பேர்ந்துதான் போகும். பிடுங்காவிட்டால் என்ன ஆகும் என்று ஸ்டெல்லா கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

உரம் பற்றிக் கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டெல்லா மீன் கழுவின தண்ணீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுப்பாள், என் ரோஜாவுக்கு என்று. ரோஜா அதைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அந்த வகையில் இந்த மரத்தை வளர்த்ததில் ஸ்டெல்லாவுக்கும் பங்கு உண்டு. மேடையில் பரிசு வாங்கும்போது அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு, இப்போது சொல்லிவிட்டேன்.

வேருக்கு உள்ளே போக இடம் வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரையை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் மாவு போல வரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, அங்கே தேங்காய் நார்த்தூளும் பாசியும் திணித்து வைத்தேன். ஒரே நாளில் செய்யவில்லை. அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கலை வராது, மிஸ்யே, நீங்கள் எப்போதும் அவசரப்படுகிறீர்கள்.

பிறகு தியாகக் கிளை. புதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. அடிமரம் பருக்க வேண்டும் என்றால் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் அதன் இஷ்டத்துக்கு ஓடவிட வேண்டும். அது ஓடினால் அடி பருக்கும், பருத்த பிறகு அந்தக் கிளையை அறுத்துப்போட்டுவிடலாம். இந்த மரத்துக்கு அப்படி ஒரு கிளையை விட்டேன். அது ஸ்டெல்லா வீட்டுக் கூரைக்குள் புகுந்து ஓடுகளைத் தூக்கிவிட்டது. கட்டிலுக்கு மேலே ஒழுகிற்று. ஸ்டெல்லா கட்டிலை நகர்த்திப் போட்டாள். அங்கேயும் ஒழுகிற்று. என் வீட்டு அண்டாவைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இன்னும் அவள் வீட்டில்தான் கிடக்கிறது, நான் திருப்பிக் கேட்கவில்லை. அம்மாவாசை வந்து பார்த்துவிட்டு எல்லாம் இந்த மரத்தால்தான் என்றார். அந்த ஆளுக்கு எதற்கெடுத்தாலும் மரத்தைக் குறை சொல்லித்தான் பழக்கம்.

ஸ்டெல்லா, ஏன் காபியைக் கீழே வைத்துவிட்டாய்? சர்க்கரை போதவில்லையா?

சரி. இப்படியே இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் இந்த மரம் இதைவிடப் பிரமாதமாக வந்திருக்கும். ஆனால் இவள் மகள் மெரின் உண்டாகியிருந்தாள். விழுப்புரத்தில் புகுந்த வீடு. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள் என்று ஸ்டெல்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னறையை ஒழித்து, கழுவி, மாதா படம் மாட்டினாள். அப்போதுதான் முதல் தடவையாக என்னிடம் பிடிவாதமாகப் பேசினாள்.

“புள்ளையோட மெரின் படுக்கப்போற ரூமுக்கா. செவுத்துல வெடிப்பு பெருசாயிடுச்சு, பயமா இருக்கு. அம்மாவாசைய திங்கக்கெழம வரச்சொல்லிட்டேன். ஆசிட் ஊத்திட்டா மறுபடி மொளைக்காதாம்.”

ஆசிட். பாருங்கள், தலைவர் முகமே சுருங்கிவிட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு உயிரை வளர்த்தவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும். தாயாக இருந்துகொண்டு ஸ்டெல்லாவுக்கு அது ஏன் புரியவில்லை என்று அன்று எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது இல்லை, மன்னித்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் மரத்தை எடுத்தேன். சுவர் மழையில் விழுந்தது என்று முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்கிறது. முந்தின நாள் மழை பெய்தது உண்மைதான். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் திருத்தவில்லை. இன்று மிஸ்யே கேட்டதால் சொல்கிறேன். கடப்பாரையை வெடிப்பில் கொடுத்து நெம்பினேன். ஈரத்தில் எடுப்பதுதான் வேருக்கு நல்லது, நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

உள்ளே ஸ்டெல்லா இருந்தது எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைக்கென்று பழைய காட்டன் புடவைகளைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள், துணி கிழிகிற சத்தம் கேட்டது. முன்பக்கம் போடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு என்று கேட்பாள். கேட்டால் மாடிக்கு வந்து நிற்பாள். மரத்தை எடுக்கும்போது பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. சுவர் முழுக்க வரும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாக எடுத்திருப்பேன், ஏனென்றால் இடது பக்கம் ஒரு நல்ல வேர் அறுந்துவிட்டது.

ஒரு கல் வேரோடு என் பக்கம் வந்தது. மற்றதெல்லாம் உள்பக்கம் போயிற்று.

“அக்கா, அக்கா” என்று ஸ்டெல்லா கூப்பிட்டாள். “வரேன்டி, இரு” என்று உடனே குரல் கொடுத்தேன். அதை அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ‘அக்கா கொரலு கேட்டுதான் எனக்கு உசுரு நின்னுச்சு’ என்பாள். கேட்க எனக்கு நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் விவரம் தெரிந்தவர்கள். வேர் காற்றில் கிடந்தால் கருகிவிடும். சாக்கை நனைத்து, மரத்தைச் சுற்றி, தொட்டிக்குப் பின்னால் நிழலில் வைத்து, இலையில் தண்ணீர் தெளித்தேன். அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், நானும் வரேன் வரேன் என்று பதில் சொல்லிக்கொண்டேதான் செய்தேன். கூப்பிடுகிறவரைக்கும் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம். முடித்துவிட்டுக் கீழே ஓடினேன். நீங்களாக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பீர்கள். இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

பிறகு நான் செய்ததையெல்லாம் இவளே சொல்வாள். ஆட்டோ பிடித்தேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அவள் படுக்கைக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்தேன். மிச்சமிருக்கிற வீடும் நிற்காது, இடிக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னபோது, என் வீட்டில் வந்து இருடி என்று சொன்னதும் நான்தான். மெரினுக்கு விழுப்புரத்திலேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. ஸ்டெல்லா போக முடியவில்லை, போனில் காட்டுகிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம். அவர்கள் இங்கே வரலாம் என்றால் வந்து தங்க அந்த வீடு இல்லை. என் வீட்டில் குழந்தையோடு இடம் போதாது, மாடியில் தொட்டிகள். சாயங்காலம் நான் கோயிலுக்குப் போனால் மரத்துக்குத் தண்ணீர் தெளிப்பது ஸ்டெல்லாதான். உட்கார்ந்தபடியே அழகாகத் தெளிப்பாள். செவுத்துல இருந்தப்போ முரடா இருந்துச்சு, இப்ப எவ்ளோ லட்சணமா இருக்கு என்று போன வாரம்கூடச் சொன்னாள். மழையில் சுவரோடு விழுந்த மரத்தைத்தான் நான் பத்திரமாக எடுத்துவைத்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது வேறு விஷயம்.

இதில் எந்த நர்சரி வருகிறது, மிஸ்யே? எந்த பஸ் வருகிறது? காக்கை போட்ட விதையிலிருந்து சாக்கில் சுற்றியது வரைக்கும் என் கையால் நடந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சாட்சி இருக்கிறது. நான் மறைத்தது ஒன்றும் இல்லை. மீன் தண்ணீரைக்கூடச் சொல்லிவிட்டேன். எனக்கு இப்போதுதான் மனசு லேசாக இருக்கிறது.

ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? மரத்தைப் பாருங்கள்.

இதோ, ஸ்டெல்லாவே எழுந்துவிட்டாள். பார்த்துடி, வாக்கரை நன்றாக ஊன்று. நான் சொல்லவே இல்லை, பாருங்கள், தானாக மரத்துக்கிட்டே போகிறாள். வேர் பிடித்திருக்கும் கல்லில் கை வைத்திருக்கிறாள். தலைவரே, கொஞ்சம் கவனியுங்கள், சாட்சி பேசப்போகிறாள்.

“இது எங்க செவுத்துக் கல்லு.”

கேட்டீர்களா? கல்லையே அடையாளம் சொல்லிவிட்டாள். இனி புகார் நிற்குமா?

“அத மட்டும் எனக்குக் குடுத்துடு.”

ஸ்டெல்லா என்னை இப்படி, அக்கா என்று சொல்லாமல், நீ வா போ என்று பேசி நான் கேட்டதே இல்லை. கால் வலிக்கிறது போலிருக்கிறது, ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டேன். உட்காரடி ஸ்டெல்லா. அந்தக் கல்லை எடுத்தால் வேர் செத்துப்போகும், கேட்காதே. உனக்கு எத்தனை கல் வேண்டுமோ சொல், நானே வாங்கித் தருகிறேன்.