ஒரு கரண்டி கோழிச்சாறு

நாய்க்கு உப்பும் காரமும் ஆகாது என்பது எனக்கும் தெரியும், மாப்பிள்ளை. அதனால் சாற்றில் இரண்டையும் சேர்க்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் விடுதியில் கரண்டி பிடித்தவன், அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு. நீங்கள் கேட்டதால் மீதியையும் சொல்கிறேன்.

கோழி ஒத்துக்கொள்ளாமல்தான் உங்கள் குண்டனின் குடல் கெட்டு, உடம்பிலுள்ள புரதமெல்லாம் ஒழுகிப் போகிறது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் எழுதிக் கொடுத்த மூட்டைத் தீனியைத் தவிர இரண்டு மாதத்துக்கு எதுவும் தரக்கூடாது என்றார். அந்தத் தீனியை வாயில் போட்டுப் பார்த்தேன். மரத்தூள் எவ்வளவோ தேவலை. குண்டன் அதை முகர்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். என் கையால் தட்டு வாங்கிய யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு கரண்டி கோழிச்சாறு ஊற்றினேன். மளமளவென்று தின்றுவிட்டுத் தட்டையும் நக்கினான்.

வயிறு பெருத்தபோது, பயலுக்குச் சதை பிடிக்கிறது என்று பூரித்துப்போனேன். அது சதையல்ல, நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். "வேற எதுவும் குடுக்கலையே, ஐயா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அந்தத் தீனியத் தவிர வேற ஒண்ணும் பல்லுல படல, டாக்டர்."

இதில் பொய்யில்லை. சாறு நேரே தொண்டைக்குள் போய்விடும்.

பாத்திரம் கழுவ வரும் அம்மாதான் திருட்டுத்தனமாக பிஸ்கட் போட்டிருப்பாள் என்று என் மகள் அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாள். அந்த அம்மா அழுததைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சமையலறையில் ஆள் நடமாட்டம் குறைந்தது ஒரு வகையில் வசதி.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் இலைதழையை மென்றுவிட்டு ஆபீஸ் போகிறீர்கள். மகள் ஏதோ மாவைக் கரைத்துக் குடிக்கிறாள். இந்த வீட்டில் என் அடுப்பைத் தேடி வந்த ஒரே ஜீவன் அவன். நிற்க முடியாமல் போன பிறகும் உடம்பை இழுத்துக்கொண்டு என் காலடிக்குத்தான் வந்தான். மனசு கேட்கவில்லை. ஒரு கரண்டியை இரண்டாக்கினேன்.

நேற்று எல்லாம் முடிந்தபின் டாக்டர் என் தோளைத் தொட்டார். "தின்னது ஒண்ணும் உடம்புல ஒட்டல, ஐயா. கடைசியில பட்டினியிலதான் போயிட்டான்."

பட்டினியாம். நான் இருக்கும் வீட்டில்.

மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். சீக்கிரம் ஒரு குட்டி வாங்கிக் கொடுங்கள், மாப்பிள்ளை. டாக்டரை மட்டும் மாற்றிவிடுங்கள்.