பூந்தொட்டியில் துப்பிய ஒயின்

— மெதுவா ஓட்டுங்க. மன்னிப்புக் கேக்கப் போறோம், தீ அணைக்க இல்ல. மடியில இருக்கிற இனிப்புத் தட்டு சரியுது.

— நான் என்ன கொலையா பண்ணிட்டேன், நுஹாத்?

— கொலை பண்ணியிருந்தாக்கூட, என் புருஷன் கத்தாஸுக்கு முன்கோபம்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேன். நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளையோட அப்பா எழுந்து நின்னு, நம்ம பொண்ணு பேரைச் சொல்லி வாழ்த்தி "காஸக்"னு கோப்பையைத் தூக்குறாரு. ஊரே குடிக்குது. நீங்க மட்டும் அதைச் சுத்திச் சுத்தி மோந்து பாத்து, வாயில வச்சுக் கொப்பளிச்சு, அவங்க வீட்டுப் பூந்தொட்டியில துப்புறீங்க.

— பழக்கதோஷம். தினம் எத்தனை பீப்பாய் ருசி பாக்குறேன். எல்லாத்தையும் முழுங்கினா மத்தியானத்துக்குள்ள ரோட்டுலதான் கிடப்பேன்.

— தொழில்ல துப்புங்க, யாரு கேட்டா? பொண்ணோட நல்ல நாள்லயுமா?

— சரி, உங்கிட்ட மட்டும் சொல்றேன். அது ஒயினே இல்ல. வினிகர். மாப்பிள்ளை தன்னூஸ் பொறந்த வருஷம் போட்ட ஜாடியாம். எங்கயாவது வெயில் படுற இடத்துல வச்சிருப்பாரு மனுஷன்.

— நானுந்தான் குடிச்சேன். யாராவது துப்புனோமா?

— அதான் என் வயித்தெரிச்சல். அத்தனை பேரும் திராட்சை போடுறவங்க. ஒருத்தருக்கும் தெரியல.

— நாங்க நம்ம பொண்ணு லமியா மூஞ்சியைப் பாத்துட்டிருந்தோம். நீங்க கோப்பையைப் பாத்துட்டிருந்தீங்க.

— ஆரம்பிச்சிட்டியா.

— ஆரம்பிக்காம என்ன பண்றது? பிரான்சுல போய் ஒயின் போடப் படிச்சிட்டு வந்ததுலேர்ந்து அறுவடை மாசம் பூரா வீட்டுல பூண்டு கூடாது, சென்ட் கூடாது, காபியில ஏலக்காய் கூடாது. மூக்கு கெட்டுடுமாம். எங்கண்ணன் ஒயின்ல ஐஸ் போட்டான்னு அவன்கிட்ட பேச்சையே நிறுத்திட்டீங்க. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு இப்ப யாரு வர்றா? பெக்கா பள்ளத்தாக்குல திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல குடியிருந்துக்கிட்டு, ஒரு டம்ளர் சிரிச்சுக் குடிக்க வழியில்ல. அலுத்துப்போச்சுங்க எனக்கு.

— நல்ல சரக்கை மரியாதையாக் குடிங்கன்னு சொன்னது தப்பா?

— நேத்து நீங்க காட்டுனதுதான் மரியாதையா? லமியா ராத்திரி முழுக்க அழுதா. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு அவங்க சொல்லிட்டா, அந்தப் பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

— நான் மட்டும் தூங்கினேனா என்ன.

— இந்தா, மாப்பிள்ளையோட அப்பா அபு தன்னூஸ் வாசல்லயே நிக்கிறாரு. வினிகர் கினிகர்னு வாயைத் திறந்தீங்க, நான் நேரா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.

— வாங்க சம்பந்தி. வாம்மா. பூந்தொட்டியையெல்லாம் உள்ள எடுத்து வச்சிட்டேன், பயப்படாம வாங்க.

— அபு தன்னூஸ், தப்பு என் மேலதான். உங்க வீட்டையும் உங்க பையனையும் அவமானப்படுத்தணும்னு நெனச்சு...

— அதெல்லாம் அப்புறம். முதல்ல இதைப் பிடிங்க. நேத்து ஜாடியில மிச்சம்.

— அண்ணே, காலங்காத்தால அவருக்கு எதுக்கு...

— நீ சும்மா இரும்மா. பொண்ணும் பையனும் நல்லா இருக்கணும். காஸக், சம்பந்தி.

— காஸக்.

— பரவாயில்லையே, முழுசா இறக்கிட்டாரு. இப்ப சொல்லுங்க, எப்படி இருக்கு?

— நல்லா... ரொம்ப நல்லா இருக்கு.

— இவ்வளவு படிச்சும் பொய் சொல்ல வரலையே உங்களுக்கு. வினிகர்யா அது. ஜாடியைத் திறக்கும்போதே எனக்கு வாடை அடிச்சுது.

— தெரிஞ்சுமா எல்லாருக்கும் ஊத்துனீங்க?

— பையன் பொறந்தப்ப போட்டது. அவன் கல்யாணப் பேச்சுக்குத் திறக்காம வேற எதுக்குத் திறப்பேன்? வந்தவங்க அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர் முகம் சுளிக்கல. நீங்க கோப்பையைச் சுத்திக்கிட்டு நின்னீங்களே, அந்த நேரத்துல உங்க சம்சாரம் மொத கோப்பையை முடிச்சிட்டு இன்னொண்ணு கேட்டு வாங்கிக் குடிச்சாங்க.

— நுஹாத், நெசமாவா? உனக்குத் தெரியுமா?

— இன்னமும் பல்லு கூசுதுங்க. ஆனா அதைக் குடிச்ச மாதிரி சந்தோஷமா உங்க ஒயினை நான் ஒரு நாளும் குடிச்சதில்ல.