இரண்டு பேர் படுக்கிற வண்டி

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு அட்டைத் துண்டை மடித்துக் கீழே கொடுத்தால் ஆடாமல் நிற்கும். கதவு, ஜன்னல் பொருத்துகிறவனுக்கு எங்கே போனாலும் கண் இப்படித்தான் போகும். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்து அறையில் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான். தன் கவனக்குறைவால்தான் தன் மனைவி செத்துப்போனாள் என்று உங்கள் ஆளிடம் சொல்லிக்கொண்டிருப்பான். சுவர் மெல்லிசு, அவன் விசும்புவது இங்கே கேட்கிறது. அவன் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் பேசி முடித்துவிட வேண்டும். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அந்த வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன மரக்கூடு. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, கண்ணீர்த் துளியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். உள்ளே நிற்க முடியாது. ஒரு மெத்தை, கால்மாட்டில் ஒரு குட்டி அலமாரி, அவ்வளவுதான். பின்னால் மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. தம்பி பஸ் ஓட்டுகிறவன். ரோட்டில் எவனோ இப்படி ஒன்றை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்ட தட்டில் விரலால் கோடு இழுத்துக் காட்டினான்.

"கட்டிடலாமாண்ணா?"

"உனக்கு ஒழுங்கா ஒரு ஆணி அடிக்கத் தெரியுமாடா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். என்னை மயக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது.

அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு கூடிவந்தது. வந்தவள் தையல்காரி. முன்அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு, எந்தப் பாட்டையும் பாதிக்கு மேல் தெரியாமல் பாடிக்கொண்டே தைப்பாள். என்னை 'இன்ஜினியர் மாமா' என்றுதான் கூப்பிடுவாள். "இன்ஜினியர் மாமா, ஒரு ஸ்க்ரூவுக்கு இவ்ளோ யோசனையா? அதுக்குள்ள நான் ஒரு சட்டையே தைச்சு முடிச்சிடுவேன்" என்பாள். நான் சிரிப்பு வராத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். ஆனால் வரும். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது முகம் சுளிக்காமல் என் துணியைத் துவைத்துப் போட்டவள். அவள் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை, ஐயா. ஏதாவது இருந்திருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

வீட்டை ஒட்டின கொட்டகையில் வேலையை ஆரம்பித்தோம். கூரைக்கு மெல்லிய பிளைவுட்டை ஈரத் துணி போட்டு ஊறவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அமுக்கினால்தான் வளையும். ஒருத்தனால் ஆகிற காரியமில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "விட்டுடாதேண்ணா, விட்டுடாதே" என்பான். நான் அடுத்த முனையில் முழங்காலை ஊன்றிக்கொண்டு நிற்பேன். அவனுக்குக் கல்யாணமான பிறகு நாங்கள் அப்படிச் சேர்ந்து ஒரு வேலையும் செய்ததில்லை. விடுமுறை நாள் எப்போது வரும் என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி காத்துக்கிடந்தேன். இந்த வயதில் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நான்தான் கொண்டுவந்தேன். ஒருத்தன் செய்த வேலையை அடுத்தவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு டிக் போட வேண்டும். டிக் விழுந்துவிட்டால் அந்த வேலையைப் பற்றி அப்புறம் யாரும் யோசிக்கக் கூடாது. வண்டி முழுக்க இப்படி டிக் இருக்கும், நீங்கள் பார்த்தீர்களாம்.

அவ்வளவு சின்னக் கூட்டுக்குள் இரண்டு பேர் மூச்சுவிட வேண்டும் அல்லவா. அதனால் தலைமாட்டில் பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றுத் துளை வைத்து, உள்பக்கம் சாய்வாகப் பட்டைகள் வைத்த சட்டத்தால் மூடினேன். வார்னிஷ் அடிக்கும்போது துளைக்குள் வழியாமல் இருக்க, சட்டத்துக்குப் பின்னால் ஸ்பாஞ்சை வெட்டி அடைத்துக்கொள்வோம். காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்கிற வேலை என்னுடையது. எடுத்தாகிவிட்டதா என்று பார்த்து டிக் போடுகிற வேலை தம்பியுடையது. போட்டிருக்கிறான். அவன் தப்பு என்று நீங்கள் நினைப்பது அந்த டிக்கை வைத்துத்தான்.

தளம் போட்ட அன்று நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, "நீதான் உயரம், நீ படுத்துப் பாருண்ணா. உனக்குப் பத்தினா யாருக்கும் பத்தும்" என்றான். படுத்தேன். அவனும் பக்கத்தில் ஏறிப் படுத்தான். வலது பக்கம். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்த காலத்திலிருந்து அவனுக்கு வலது பக்கம்தான். மேலே இன்னும் கூரை ஏறவில்லை, கொட்டகைத் தகரம்தான் தெரிந்தது. எங்கெங்கே போகலாம் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். ஏரி என்றான், மலை என்றான், கடலோரம் என்றான். நீயும் நானும் போகலாம் என்று அவன் சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானாகத்தான் அப்படி எடுத்துக்கொண்டேன். அவள் மிஷினை விட்டு எழுந்து வந்து காட்டில் தூங்குகிற ரகமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மலையில் நடக்கிறதற்கு ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். வேலை செய்கிற இடத்தில் லீவு சொல்லிவைத்தேன். "நானும் தம்பியும் ஊர் சுத்தப் போறோம்" என்று கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொன்னேன். கண்ணாடி வெட்டுகிறவன், "உங்களைக் கையில பிடிக்க முடியலையே" என்று கேலி செய்தான்.

மெத்தை உறை தைத்து எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்கு வந்தாள். கூடவே இரண்டு தலையணை, ஒன்றில் பூ வேலைப்பாடு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் தம்பி சொன்னான்.

"நாங்க வர்ற வரைக்கும் வீட்டைப் பாத்துக்கோண்ணா. செடிக்குத் தண்ணி ஊத்த மறந்துடாதே."

"மாமா மறப்பாரா? நாம சொல்றதுக்கு முன்னாடியே டிக் போட்டிருப்பார்" என்று அவள் சிரித்தாள். "இது மட்டும் பிடிச்சுப்போச்சுன்னா, இவர் ரிட்டையர் ஆனதும் வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டியிலயே கிடப்போம்."

நான் "அதுக்கென்ன, போய்ட்டு வாங்க" என்றேன். குரல் மாறாமல்தான் சொன்னேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, ஐயா. அதுதான் தாங்க முடியவில்லை. ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஷூவைப் பெட்டியோடு பரண்மேல் தூக்கிப் போட்டேன். மறுநாள் வேலைக்குப் போய் லீவு வேண்டாம் என்றபோது கண்ணாடி வெட்டுகிறவன் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்காததில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு சின்னக் கேஸ் ஹீட்டர் வாங்கி வந்து கொடுத்தேன். அவளுக்குக் குளிர் ஆகாது, போகிற இடம் மலை. யார் பார்த்தாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். அவளும் சொன்னாள். "பாத்தீங்களா, இந்த வீட்டுல என் மேல அக்கறை இருக்கறது மாமாவுக்குத்தான். நீங்களும் இருக்கீங்களே" என்று தம்பியை இடித்தாள். அவன் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தான். மூடின இடத்தில் எரிக்கக் கூடாது என்று சிவப்பில் போட்டிருந்தது.

"உள்ள வெச்சு எரிக்கலாமாண்ணா?"

"காத்துத் துளை எதுக்கு வெச்சிருக்கோம்? நீதானே பாத்து டிக் போட்டே."

"அதுவும் சரிதான்" என்று ஹீட்டரை எடுத்துக்கொண்டு போனான்.

என் தொழிலில் இது அரிச்சுவடி. ஹீட்டர் வைக்கிற அறைக்குக் காற்றுக்கு வழி விடாமல் ஜன்னல் பொருத்த மாட்டேன். வேண்டாம் என்ற வீட்டுக்காரர்களோடு மல்லுக்கு நின்று துளை போட வைத்திருக்கிறேன். மூடின அறையில் ஹீட்டர் கக்குகிற விஷக்காற்றுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது என்று நானே சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறேன்.

தம்பி போட்டது சரியான டிக். அவன் பார்த்தபோது துளை திறந்துதான் இருந்தது. டார்ச் அடித்து, குச்சி விட்டுப் பார்த்தான். ஹீட்டரைக் கொடுத்த அன்று காலையில், அவன் டிப்போவுக்குப் போன பிறகு, நான் வண்டிக்குள் ஏறிச் சட்டத்தைக் கழற்றி, ஸ்பாஞ்சை அளவாக வெட்டி அடைத்து, மறுபடி மூடினேன். ஸ்க்ரூவின் தலை முன்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அதே பக்கம் வைத்து முறுக்கினேன். மிஷின் ஓடுகிற சத்தமும் அவள் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

கொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைவலி வரும், குமட்டும், இந்த வண்டி நமக்கு ஒத்துவராது என்று இரண்டு பேரும் திரும்பி வந்துவிடுவார்கள். அவள் அதற்கப்புறம் ஏற மாட்டாள். அவனுக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருக்கும். இவ்வளவுதான் என் கணக்கு என்று சொல்லிக்கொண்டேன். அவர்கள் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் போய்க் கையாட்டினேன். அவளும் கார் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள். போன் செய்து, துளையைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவனே போன் செய்தான். "இங்க குளிர்ல பல்லு கிட்டுதுண்ணா. நல்லவேளை நீ ஹீட்டர் கொடுத்தே" என்றான். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டதாகச் சொன்னேன்.

விடிந்து வெகுநேரமாகியும் யாரும் எழுந்து வரவில்லை என்று அங்கே காவலுக்கு இருந்தவர் கதவை உடைத்திருக்கிறார். அவள் உயிர் போய்விட்டிருந்தது. தம்பிக்கு மூச்சு இருந்தது. ஆயுசு கெட்டி என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கையில் ஸ்பூன் பிடிக்க வராது, நான்தான் ஊட்டிவிட்டேன். குளிப்பாட்டினேன். பக்கத்தில் படுத்துக்கொண்டேன். வீட்டில் மறுபடியும் நாங்கள் இரண்டு பேர். மிஷினைத் துணி போட்டு மூடிவைத்தேன். சொல்லவே நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது, நானே அறியாமல் அவள் பாதிப் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். அவன் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் உங்கள் ஆட்கள் சட்டத்தைக் கழற்றி ஸ்பாஞ்சை எடுத்தார்கள். வார்னிஷ் அடித்தபோது அடைத்ததை எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று அவனிடம் சொன்னார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவர்கள் போன பிறகு என் காலைக் கட்டிக்கொண்டான்.

"பாக்காமலே டிக் போட்டிருக்கேண்ணா. பாத்தேன்னுதான் ஞாபகம். ஆனா பாக்கலை போலிருக்கு. அவளை நானே கொன்னுட்டேண்ணா."

அவனுக்கு ஞாபகம் சரியாகத்தான் இருந்தது. 'பார்த்தாய்டா' என்று நான் சொல்லியிருந்தால் போதும். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, "விடுடா, அவசரத்துல யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்னண்ணா ஆவேன்" என்றான்.

அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, ஐயா. காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன். அவள் செத்த செய்தி வந்தபோதுகூட நான் இவ்வளவு கூனிக்குறுகவில்லை. இன்றைக்கு அவன் தானாக எழுந்து முகம் கழுவி, தண்டனையை வாங்கிக்கொண்டால்தான் அவள் முகத்தில் விழிக்க முடியும் என்று சொல்லிவிட்டு இங்கே நடந்து வந்தான். நான் பின்னாலேயே வந்தேன். ஜெயிலுக்குப் போனால் அவன் மறுபடியும் என்னை விட்டுப் போய்விடுவான் என்ற பயம்தான் என்னை முதலில் எழுப்பியது. அதையும் மறைக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அடைத்தது நான். தம்பி போட்ட டிக் சரியான டிக்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தலைவலி வந்து இரண்டு பேரும் திரும்பி வரட்டும் என்று நினைத்ததாகச் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். அப்படி நினைத்தவன் இரண்டு துளையையும் அடைத்திருப்பான். நான் அடைத்தது அவள் பக்கத்தை மட்டும்தான். தம்பியின் பக்கத்துத் துளையில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருந்தது. அதை ஊதிச் சுத்தம் செய்து, விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்கினேன்.