தேத்தாங்கொட்டை என்று சொல்லிக் கொடுத்தது

என் பெயர் ஜீவரத்தினம். வயது 72. தகப்பனார் பெயர் தேவசகாயம் (காலஞ்சென்றவர்). சங்கரன்கோவில், திருவேங்கடம் சாலைக்குப் பின்னால், கதவு எண் 41/7-ல் என் மனைவி இன்பத்துடன் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. இன்று காலை பத்தரை மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் கோமதிசங்கர் முன்பு இதைச் சொல்கிறேன்.

நான் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, 1978-ல் மலையில் உள்ள அரசு தாவரவியல் பூங்காவில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பிறகு விதைப் பிரிவிலும், அதன் பிறகு ஆராய்ச்சிப் பிரிவிலும் இருந்து, 2002 முதல் 2011 வரை அதே பூங்காவுக்கு இயக்குநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் காலத்தில் பெயர்த் தகடு இல்லாத மரம் அங்கே ஒன்றுகூடக் கிடையாது. சங்கரபாண்டி என்ற தோட்டப் பணியாளர் ஒருமுறை இரண்டு மரங்களின் தகடுகளை மாற்றி ஆணியடித்துவிட்டார். "தகடுதானே சார், இப்பவே மாத்தி அடிச்சிருதேன்" என்றார். பெயரை நம்பி ஒருவர் பறித்துத் தின்றால் யார் பொறுப்பு என்று கேட்டு, பதினைந்து நாள் தற்காலிகப் பணிநீக்கம் செய்தேன். அவருக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஓய்வு பெற்றபோது பூங்காவில் மிஞ்சிய விதைகளில் கொஞ்சம் அனுமதிக் கடிதத்துடன் வாங்கி வந்து, கண்ணாடிப் பாட்டில்களில் போட்டு வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். தேத்தாங்கொட்டையும் எட்டி விதையும் ஒரே பேரினம் என்பதால் அடுத்தடுத்து இருந்தன. தேத்தாங்கொட்டை உருண்டை, மருந்துக்கு ஆகும். எட்டி சட்டைப் பொத்தான் போலத் தட்டை, கடும் விஷம். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே பிரித்துச் சொல்லிவிடுவேன். சர்க்கரை வியாதியால் மூன்று வருடமாக விரல் நுனியில் உணர்வு இல்லை. வலது கண்ணில் புரை இருக்கிறது.

பக்கத்து வீட்டு ரிபாயி சவூதியில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவருக்கு மூலத் தொந்தரவு. அவர் மனைவி ரசீதா போன வாரம் செவ்வாய் அல்லது புதன் காலையில் வந்து, "அண்ணாச்சி, தேத்தாங்கொட்டையப் பொடிச்சு பால்ல குடிச்சா கேக்குமாமே, உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். நான் அலமாரியைத் திறந்து, ஒரு பாட்டிலில் இருந்து ஒரு கைப்பிடி அள்ளி அவர் முந்தானையில் போட்டேன். அப்போது கண்ணாடி போட்டிருந்தேனா என்று தெரியவில்லை.

அதன் பிறகு வியாழக்கிழமை காலை ஒன்பது மணியளவில் ரசீதா அலறும் சத்தம் கேட்டுப் போனேன். ரிபாயி தரையில் உடம்பு வில்லாக வளைந்து இழுத்துக்கொண்டு கிடந்தார். நினைவு தெளிவாக இருந்தது. "ஒரே கசப்பு சார்வாள், ஒரு மடக்குதான் குடிச்சேன்" என்று பல்லைக் கடித்தபடி என்னிடம் சொன்னார். அவரை ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கும் கொண்டுபோனோம். சிறு சத்தம் கேட்டாலும் அவர் உடம்பு வெட்டி இழுத்தது. அதனால் ரசீதா வழி முழுக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வந்தார். நான்காம் நாள் ரிபாயி பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ரசீதா வீட்டு டப்பாவில் மிஞ்சியிருந்த இரண்டு விதைகளைக் காவலர்கள் எடுத்து வந்து, என்னிடமே காட்டி என்னவென்று கேட்டார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்து, எட்டி என்று சொன்னேன். அதைப் புளியங்குடியில் தெருவோரம் விற்ற ஆளிடம் வாங்கியதாக ரசீதா எழுதிக் கொடுத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் நேரில் போய்க் கேட்டேன். "நீங்க ஒண்ணும் தரல அண்ணாச்சி. புளியங்குடியில வாங்குனதுதான். நீங்க பேசாம இருங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இன்பத்திடம் கேட்டேன். "அன்னைக்கு நீங்க கண்ணாஸ்பத்திரிக்குல்லா போயிருந்தீங்க. ரசீதா வரவே இல்ல" என்றாள். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதில் புதன்கிழமை தேதி இருக்கிறது. அப்படியானால் ரசீதா வந்தது செவ்வாயாக இருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அதன் பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். தேத்தாங்கொட்டைப் பாட்டில் கழுத்துவரை நிறைந்து, மூடியில் தூசி படிந்து இருந்தது. எட்டிப் பாட்டிலைக் காணவில்லை. அது பின்கட்டில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "புழு விழுந்திருந்துச்சு, குப்பையில கொட்டிட்டேன்" என்றாள் இன்பம். முப்பத்து மூன்று வருட வேலையில் எட்டி விதையில் புழு விழுந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். "அந்த மனுசன்தான் பிழைச்சிட்டாருல்லா, எதுக்கு இப்பப் போட்டு நோண்டுதீங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்று காலை இருவரும் ஜெபம் செய்தோம். அவள் ஆமென் சொன்னாள். நான் சொல்லாமல் எழுந்து இங்கே வந்தேன்.

என் மனைவி எதைத் தெரிந்துகொண்டு பாட்டிலைக் கழுவினாள் என்பது எனக்குத் தெரியாது. ரசீதா யாருக்காக அப்படிச் சொல்கிறார் என்பதும் தெரியாது. அவர்கள் இருவரும் சொல்வதே உண்மை என்றால், அள்ளிக் கொடுத்ததாக எனக்குள் இருக்கும் நினைவு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. உதவி ஆய்வாளர், "அந்தம்மாவே உங்க பேரச் சொல்லல சார். குடுத்தீங்களா, குடுக்கலியா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார். இரண்டு பாட்டில்களையும் ஒப்படைத்திருக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். 'என்ன கொடுத்தேன் என்று நினைவில்லை' என்று இருந்ததை அடித்து, 'கொடுத்தது நினைவிருக்கிறது, கொடுத்தது எது என்று தெரியவில்லை' என மாற்றச் சொன்னேன். மாற்றினார். அந்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, என் அறிவுக்கு எட்டியவரை மெய், யாரும் சொல்லிக் கொடுத்தவை அல்ல. கையெழுத்துக்குக் கீழே பழக்கத்தில் 'இயக்குநர்' என்று எழுதிவிட்டேன். அதையும் அடித்திருக்கிறேன்.

(ஒப்பம்) ஜீவரத்தினம்

என் முன்பாக:
கோமதிசங்கர், உதவி ஆய்வாளர்