ஏரியில் மிதந்த ஓலை

“இந்த ஏரிக்கு நடுவுல எங்க மோட்டார் ரூம் எப்படித் தம்பி வந்துச்சு?”

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் கேட்டார். மகள் பிரசவத்துக்காக ஒரு மாதம் மெட்ராஸில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிற உப்பளக்காரர். பக்கத்தில், துறைமுக வேலைக்குப் புதிதாக வந்த வெளியூர் இளைஞன். மதுரை ஸ்டுடியோவில் கழுவி வாங்கிய படங்களை அவரிடம் கொடுத்து, எப்படி இருக்கிறதென்று அவன்தான் கேட்டிருந்தான்.

“போன வாரம் எடுத்தேன் அண்ணாச்சி. பெரிய மழை விட்ட மறுநாள்.”

“மழையா? இந்தப் பங்குனியிலயா?”

“ராத்திரி பூரா கொட்டுச்சு. மேகம் அப்படியே தண்ணியில விழுந்திருக்கு பாருங்க.”

“இங்கன மிதக்கது என்னது?”

“பனை ஓலைங்க. அழகா இருந்துச்சுன்னு அதையும் சேர்த்து எடுத்தேன்.”

“அது எங்க உப்பு அம்பாரத்த மூடியிருந்த ஓலைலா!”

இளைஞன் படத்தை வாங்கக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

“அண்ணாச்சி, சத்தியமா நான் ஏரின்னுதான் நினைச்சேன்.”

பஸ் எட்டயபுரம் தாண்டும்வரை அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படம் நல்லாத்தான் எடுத்திருக்கிய தம்பி. ஒரு மூடை உப்புகூட மிஞ்சலன்னு தெளிவாத் தெரியுது.”